சீட் கவருக்கு அடியில் புதைந்த பெல்ட்

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக ஒரு டாக்ஸியில் ஏறுங்கள். பின்னிருக்கையில் உட்கார்ந்ததும் தோள் பக்கத்தில் பெல்ட் தொங்கும். இழுத்தால் வரும். அதை எங்கே மாட்டுவது என்று தேடும்போதுதான் சிக்கல். பூட்டும் பக்கிள் சீட்டின் இடுக்குக்குள் போய்விட்டிருக்கும். அதன்மேல் ரெக்சின் கவர் இறுக்கித் தைக்கப்பட்டிருக்கும். கவரின்மேல் ஒரு டர்க்கி டவல். விரலை உள்ளே விட்டுத் துழாவினால் பழைய டோல் ரசீதும் கடலைத் தோலும் கிடைக்கும். பின்னால் உட்காருபவர்களுக்கு பெல்ட் எதற்கு என்று ஓட்டுநர் நல்ல மனதோடுதான் கேட்பார். முப்பது கிலோமீட்டர் பயணம் அப்படியே முடிந்துவிடும்.

அந்த பெல்ட்டை இந்த வடிவத்தில் உருவாக்கியவர் நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். வால்வோவில் சேருவதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கான இருக்கைகளை வடிவமைத்தவர். விபத்து நேரும்போது விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் பொறி அது. 1958இல் வால்வோவின் தலைவராக இருந்த குன்னார் எங்கெல்லாவ் அவரை அழைத்துவந்தார். எங்கெல்லாவின் உறவினர் ஒருவர் அதற்குமுன் கார் விபத்தில் இறந்திருந்தார். அன்றைய பெல்ட்டுகள் வயிற்றுக்குக் குறுக்கேயோ மார்புக்குக் குறுக்கேயோ போடும் ஒற்றைப் பட்டைகள். மோதலில் அவையே குடலையும் ஈரலையும் கிழித்ததுண்டு.

போலின் செய்தது பார்ப்பதற்கு எளிமையான வேலை. ஒரு பட்டை இடுப்பெலும்பின்மேல் படியும். இன்னொன்று தோளிலிருந்து மார்பின் குறுக்கே சரியும். இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில், இருக்கைக்குக் கீழே ஒரே இடத்தில் சேரும். உடம்பில் வலுவான எலும்புகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் மோதலின் விசை இறங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரே கையால் போட்டுக்கொள்ள முடிய வேண்டும், இல்லையென்றால் யாரும் போடமாட்டார்கள் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். 1959 ஆகஸ்ட் 13 அன்று இந்த பெல்ட் பொருத்திய முதல் கார் ஸ்வீடனில் விநியோகிக்கப்பட்டது. காப்புரிமை வால்வோவிடம் இருந்தது. ஆனால், வேறு எந்த கார் நிறுவனமும் கட்டணமின்றி இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வால்வோ திறந்துவிட்டது. இதனால் உலகம் முழுவதும் பத்து லட்சம் உயிர்களுக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நிறுவனம் மதிப்பிடுகிறது. 1985இல் ஜெர்மனியின் காப்புரிமை அலுவலகம், முந்தைய நூறு ஆண்டுகளில் மனித குலத்துக்கு மிகவும் பயன்பட்ட எட்டுக் காப்புரிமைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

இன்றைக்கு மாருதியிலும் டாடாவிலும் ஹூண்டாயிலும் இருப்பது போலின் வரைந்த அதே வடிவம்தான். வால்வோவின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவரும் தினமும் வால்வோவின் கொடையைத் தோளில் போட்டுக்கொள்கிறார். அல்லது, போடாமல் விடுகிறார்.

தமிழ்நாட்டில் வால்வோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பேருந்துதான். 2001இல் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் வால்வோ பேருந்து தயாரிப்பு தொடங்கியது. என்ஜின் பின்னால், குலுங்காத ஏர் சஸ்பென்ஷன், பெரிய கண்ணாடி என்று அது ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலையில் ஓடத் தொடங்கியபோது, இரவுப் பேருந்துப் பயணத்தைப் பற்றிய நம் எண்ணமே மாறியது. தாம்பரம் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடி தாண்டி, மாமண்டூரில் டீக்கு நிற்கும்வரை தூங்கலாம் என்பது புதிய அனுபவம். பிறகு சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகமும் வால்வோ ஏ.சி. பேருந்துகளை வாங்கியது. கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் ஐ.டி. வேலைக்குப் போனவர்கள் அவற்றை நன்றாக அறிவார்கள். ஏ.சி. பேருந்து எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ‘வால்வோ’ என்றே சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேருந்து, லாரி செய்யும் வால்வோவும் கார் செய்யும் வால்வோவும் 1999இலிருந்து வெவ்வேறு நிறுவனங்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று. 1927 ஏப்ரல் 14 அன்று கோதன்பர்க் நகரத்தில் அசார் கேப்ரியல்சன் என்ற வணிக மேலாளரும் குஸ்தாவ் லார்சன் என்ற பொறியாளரும் சேர்ந்து செய்த முதல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. பேரிங் செய்யும் எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் முதலீட்டில் பிறந்தது வால்வோ. கரடுமுரடான சாலை, நீண்ட குளிர்காலம், பனி என்று ஸ்வீடனின் நிலத்தைத் தாங்குகிற வண்டி வேண்டும் என்பதே தொடக்க நோக்கம். 1944இல் அறிமுகமான மாடலிலேயே, உடைந்தால் கத்தித் துண்டுகளாகத் தெறிக்காத அடுக்குக் கண்ணாடியை முன்பக்கத்தில் பொருத்தினார்கள். 1972இல் குழந்தைகள் பின்னோக்கி உட்காரும் இருக்கை, 1991இல் பக்கவாட்டு மோதலுக்கான பாதுகாப்பு, 1998இல் கழுத்தெலும்பைக் காக்கும் இருக்கை, 2008இல் முன்னால் போகும் வண்டியை மோதும் முன் தானாகவே பிரேக் போடும் வசதி என்று இந்த வரிசை நீளும்.

1999இல் வால்வோ கார் பிரிவை 645 கோடி டாலர் கொடுத்து வாங்கியது அமெரிக்காவின் ஃபோர்டு. அதே 1999இல்தான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கி, ஐகான் காரைக் கொண்டுவந்தது. பதினோரு ஆண்டுகள் மறைமலை நகரும் கோதன்பர்க்கும் ஒரே முதலாளியின் கீழ் இருந்தன. 2007இல் வால்வோ கார்கள் இந்தியச் சந்தைக்கு வந்தபோதும் ஃபோர்டுதான் உரிமையாளர்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டிய ஒரு கதை இருக்கிறது. 2010 மார்ச்சில் மறைமலை நகரில் தயாரான ஃபிகோ விற்பனைக்கு வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் ஆசையோடு வாங்கிய கார் அது. அதே மார்ச் மாதக் கடைசியில்தான் வால்வோவைச் சீனாவின் ஜீலி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 180 கோடி டாலருக்கு விற்க ஃபோர்டு ஒப்பந்தம் போட்டது. ஆக, ஃபிகோவை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்த காலம் முழுவதும் உலகின் மிகச் சிறந்த பாதுகாப்பு அறிவு ஃபோர்டின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சிறு கார்களை மோத வைத்துச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத ஃபிகோவுக்குக் கிடைத்தது பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம். ஆல்டோ, ஐ10, நானோ, போலோ ஆகியவற்றுக்கும் அதே பூஜ்ஜியம்தான். ஃபிகோவின் உடற்கூடு குலையாமல் நின்றது என்பதையும் சோதனை அறிக்கை பதிவுசெய்தது. அதாவது, அஸ்திவாரம் சரி. உள்ளே இருப்பவரைத் தாங்கும் காற்றுப்பைதான் இல்லை. அன்றைய இந்தியச் சட்டம் அதைக் கேட்கவில்லை, நிறுவனமும் அதை வைக்கவில்லை.

அறிவு இருந்தால் போதாது, அதை எல்லோருக்கும் கொடுக்கும் மனம் வேண்டும். மனம் இல்லாத இடத்தில் சட்டம் வேண்டும். இந்தியாவில் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1959இல் பிறந்த பெல்ட் இங்கே முன்னிருக்கைக்குக் கட்டாயமாவதற்கு 1990கள் ஆயின. ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019இலும், பக்கத்தில் இருப்பவருக்கு 2021இலும் கட்டாயமானது. பாரத் என்கேப் என்ற நம் சொந்த நட்சத்திர மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது 2023 அக்டோபரில். அதற்கான மோதல் சோதனைக்கூடம் ஒன்று ஒரகடத்தில், மறைமலை நகருக்கு அருகிலேயே இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலிலோ சீட் பெல்ட் தயாரிப்பே நடக்கிறது. கார் செய்யும் கைகள், பெல்ட் தைக்கும் கைகள், காரை மோத வைத்துப் பார்க்கும் கூடம் எல்லாம் ஒரே வட்டாரத்தில் அமைந்த இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

சரி, வால்வோ காரை வாங்கி இங்கே ஓட்டுபவர்களின் அனுபவம் எப்படி? முதலில், அவர்கள் மிகச் சிலர். இந்தியா முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் கார்கள்தான் விற்கின்றன. 2017 முதல் ஹொசகோட்டையில் பாகங்களைக் கோத்து வண்டியை முழுமையாக்குகிறார்கள் என்றாலும், பெரிய மாடலான எக்ஸ்சி90 விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. மின்சார மாடல்களில் சிறியது நாற்பது லட்சத்தைச் சுற்றி. வாங்குபவர்களின் பேச்சில் அடிக்கடி வருவது இருக்கையின் சுகமும் கதவை மூடும்போது கேட்கும் கனத்த ஓசையும்தான். ஆடம்பரத்தைக் காட்டிக்கொள்ள இதைவிட எடுப்பான கார்கள் அதே விலையில் உண்டு. வால்வோவைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் பிள்ளைகளை நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்.

அந்தக் காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தால், ஸ்வீடன் பொறியாளரின் கற்பனைக்கும் நம் சாலைக்கும் இடையே உள்ள தூரம் புரியும். முட்டுக்காடு பாலம் தாண்டியதும் இடப்பக்கம் கடற்கரைக் குப்பங்கள், வலப்பக்கம் பஸ் நிறுத்தமும் கடைகளும். கோவளம், வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம், தேவநேரி என்று ஊருக்கு ஊர் மக்கள் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். மீன் கூடையோடு ஒரு பெண் டிவைடரின் இடைவெளியில் காத்து நிற்பார். எதிர்த்திசையில் ஓரமாக ஒரு டிவிஎஸ் 50 வரும். விடுமுறை நாளில் சென்னையிலிருந்து சீறிவரும் பைக்குகள் இரு பக்கமும் ஒரு கை இடைவெளியில் உரசிப் போகும். இப்படிப்பட்ட இடத்தில் காரின் தானியங்கி பிரேக் திடீரென்று பிடித்துக்கொள்ளும். எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கும். பாதை மாறினால் ஸ்டியரிங்கை இழுத்துத் திருத்தும் வசதிக்கு, கோடே அழிந்த சாலையில் வேலை இல்லை. இந்த வசதிகளில் சிலவற்றை அணைத்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. அணைப்பது தவறு, ஆனால், அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பது சாலையைப் பார்த்தால் விளங்கும்.

இரவில் தார்ச்சாலையின் சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும் மாடுகள் இன்னொரு பிரச்சினை. வால்வோவின் கேமராவும் ரேடாரும் பெரிய விலங்குகளை அடையாளம் காணப் பழக்கப்பட்டவை. ஸ்வீடனில் மூஸ் என்ற ஆளுயரக் காட்டுமான் சாலையில் குறுக்கிடுவது வாடிக்கை என்பதால் அதற்காகவே செய்யப்பட்டவை. ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்தபோது கங்காரு தாவுவதைக் கண்டு அந்தக் கருவி குழம்பிவிட்டது. கங்காரு அந்தரத்தில் இருக்கும்போது தூரமாகவும் தரையிறங்கும்போது பக்கமாகவும் தெரிந்ததாம். ஒவ்வொரு நிலத்துக்கும் அதனதன் ஆபத்து. நெம்மேலி மாட்டை கோதன்பர்க்கில் உட்கார்ந்து முழுவதும் கற்றுக்கொள்ள முடியாது.

மற்றபடி, பராமரிப்புக்குச் செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் சென்னைக்குத்தான் போக வேண்டும். பாகங்களில் பல இறக்குமதி. டீசல் மாடல்களை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள், பெட்ரோலும் மின்சாரமும்தான். கடற்காற்று எந்த நாட்டு இரும்பையும் விட்டுவைக்காது என்பதால் கடலோர வீட்டுக்காரர்கள் வண்டியின் அடிப்பகுதியை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கிறது. பணமுள்ளவர்களுக்கு இவை பெரிய குறைகள் இல்லை.

பெரிய கேள்வி 2024 டிசம்பர் 21 அன்று எழுந்தது. பெங்களூரு–துமகூரு நெடுஞ்சாலையில் நெலமங்கலா அருகே, கன்டெய்னர் ஏற்றிய லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டி வந்து எக்ஸ்சி90 காரின்மேல் கவிழ்ந்தது. உள்ளே இருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேரும் இறந்தனர். பிரிட்டனில் 2002இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து பதினாறு ஆண்டுகளில் ஓட்டுநரோ பயணியோ ஒருவர்கூட மோதலில் இறக்கவில்லை என்று அங்குள்ள ஆய்வு நிறுவனமான தாட்சம் 2018இல் பதிவுசெய்த அதே மாடல். நசுங்கிய காரின் படத்தைப் பார்த்துவிட்டு, வால்வோவே காப்பாற்றவில்லையென்றால் எந்தக் கார்தான் காப்பாற்றும் என்று நாடு முழுவதும் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது, ஆனால், அதைக் காரிடம் கேட்பதில் பயனில்லை. பல டன் எடை மேலே விழும்போது தாங்கும் கார் இனிமேலும் யாரும் செய்யப்போவதில்லை. நடுத்தடுப்பு ஏன் லாரியை நிறுத்தவில்லை, பாரத்தின் எடையும் கட்டும் எப்படி இருந்தன, லாரிக்கு முன்னால் சாலையில் என்ன நடந்தது என்பவைதான் விடை தேட வேண்டிய கேள்விகள். அதற்கும் முன்னால், 2013 அக்டோபர் 30 அதிகாலையில் இன்றைய தெலங்கானாவின் பாலெம் அருகே ஒரு வால்வோ பேருந்து சாலையோரச் சிறுபாலத்தில் மோதித் தீப்பிடித்து 45 பேர் கருகி இறந்தார்கள். பேருந்தின் பெயரில் இருந்த நம்பிக்கை சிறுபாலத்தின் சுவரை நகர்த்தி வைக்கவில்லை.

இவற்றைவிட நமக்கு அருகில் நடந்த ஒன்று மனதை விட்டு அகலாதது. 2024 நவம்பர் 27. திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகும் பழைய மாமல்லபுரம் சாலையில் பண்டிதமேடு அருகே, மாடு மேய்த்துவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள்மேல் வேகமாக வந்த கார் ஏறியது. ஐவரும் அந்த இடத்திலேயே உயிரிழந்தனர். அந்த ஐந்து பேருக்கும் எந்த நட்சத்திர மதிப்பீடும் உதவியிருக்காது. அவர்கள் வண்டியிலேயே இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் 44.5 சதவீதம், நடந்து சென்றவர்கள் 19.5 சதவீதம். இந்த இரண்டு வகையிலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்: 64,105.

ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் ஸ்வீடனில் சமீப ஆண்டுகளில் சாலைச் சாவு இருநூறைச் சுற்றியே இருக்கிறது. 1960களில் அங்கேயும் ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டிப் போனார்கள். பெரிய திருப்பம் 1997 அக்டோபரில் வந்தது. சாலையில் ஒரு சாவையும் ஒரு கடும் காயத்தையும்கூட ஏற்க முடியாது என்ற கொள்கையை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மனிதர் தவறு செய்வார். அந்தத் தவறு உயிரை வாங்காதபடி சாலை அமைந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நேருக்கு நேர் மோதல் நடக்கும் சாலைகளில் நடுவே எஃகு வடத் தடுப்பு போட்டார்கள். நாற்சந்திகளை ரவுண்டானா ஆக்கினார்கள். மக்கள் நடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். வால்வோ இல்லாவிட்டாலும் ஸ்வீடன் இதைச் செய்திருக்கலாம். ஆனால், விபத்தைக் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை அந்த நாட்டுக்கு ஊட்டியதில் வால்வோவுக்குப் பங்கு உண்டு.

அந்தப் பழக்கம்தான் பெல்ட்டுக்கு அடுத்தபடியாக வால்வோவிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. 1970இல் நிறுவனம் ஒரு விபத்து ஆய்வுக் குழுவை அமைத்தது. கோதன்பர்க் சுற்றுவட்டாரத்தில் வால்வோ கார் விபத்தில் சிக்கினால், பகலோ இரவோ, குழு அந்த இடத்துக்குப் போகும். பிரேக் தடத்தை அளக்கும். சாலையைப் படம் பிடிக்கும். காரைக் கொண்டுவந்து எங்கே வளைந்தது, எங்கே உடைந்தது என்று பார்க்கும். ஒப்புதல் பெற்று மருத்துவக் குறிப்புகளைப் படிக்கும். இதுவரை 40,000க்கும் மேற்பட்ட கார்கள், 70,000க்கும் மேற்பட்ட பயணிகள் பற்றிய தகவல் சேர்ந்திருக்கிறது. கழுத்தெலும்புப் பாதுகாப்பும் பக்கவாட்டு ஏர்பேக்கும் அந்தக் குறிப்பேடுகளிலிருந்து பிறந்தவை. 2019இல், அறுபது ஆண்டுகளுக்கு முன் பெல்ட்டைத் திறந்துவிட்டதைப் போலவே, தன் பாதுகாப்பு ஆய்வு அறிவையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் வெளியிட்டது. விபத்தில் பெண்களுக்கு ஏற்படும் காயம் ஆண்களுடையதிலிருந்து வேறுபடுவதையும், உலகம் பெரும்பாலும் ஆண் உருவப் பொம்மையை வைத்தே சோதிப்பதையும் அந்த வெளியீடு எடுத்துச் சொன்னது.

இந்த வேலை நமக்குப் புதிதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கோவையைச் சேர்ந்த ஜே.பி. ரிசர்ச் இந்தியா என்ற ஆய்வு நிறுவனம் விபத்து நடந்த இடத்துக்கே போய் ஆராயும் பணியை இந்தியாவில் தொடங்கியபோது, முதலில் கையில் எடுத்த சாலைகளில் ஒன்று நம் ஜி.எஸ்.டி. சாலை. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 45இல் நடந்த விபத்துகளைப் பற்றிய அதன் ஆய்வறிக்கை 2009இல் வெளியானது. அந்த மாவட்டத்தின் இந்தப் பகுதிதான் 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டமாகப் பிரிந்தது. அந்த ஆய்வு முயற்சி பின்னர் பல கார் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் விபத்துத் தகவல் தொகுப்பாக வளர்ந்தது. சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலியில் இன்று போலீஸார் ஒவ்வொரு விபத்தையும் கைபேசியிலேயே பதிவுசெய்கிறார்கள். ஆக, அறிவு நம்மிடம் இருக்கிறது, தகவலும் சேர்கிறது. பண்டிதமேட்டுக்காரர் தன் ஊர்ச் சாலையில் 2024இல் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று எளிதில் பார்க்கும்படி அது வெளியே வரவில்லை என்பதுதான் குறை.

விபத்துக்குப் பிந்தைய சிகிச்சையில் தமிழ்நாடு உண்மையிலேயே முன்னோடி. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிவைத்த இடமே இந்த மாவட்டத்தின் மேல்மருவத்தூர்தான். அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108 வண்டி அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பறப்பதை ஜி.எஸ்.டி. சாலையில் அன்றாடம் பார்க்கிறோம். உயிர் பிழைக்க வைக்கும் இந்த அக்கறையில் பாதியை, அடிபடாமல் தடுப்பதிலும் காட்டினால் மருத்துவர்களின் பாரம் குறையும்.

பின்னிருக்கை பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். முன்னிருக்கைக்காரர் பெல்ட் அணிந்தால் இறக்கும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பின்னிருக்கையில் நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே இறந்தபோது, அவர் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தார். அந்த ஆண்டில் மட்டும் பெல்ட் அணியாததால் நாட்டில் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் பாதிப் பேர் பயணிகள். பின்னால் அமர்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது சட்டம். மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். இருந்தும், எச்சரிக்கை மணியை ஏமாற்ற பக்கிளில் செருகும் உலோகக் கிளிப்புகள் இணையத்தில் தாராளமாக விற்றன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. உயிரைக் காக்கும் ஓசையை நிறுத்தக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இத்தனை பேர் இருந்தார்கள் என்பதே வேதனை.

அபராதத்தைவிட எளிய வழி ஒன்று உண்டு. டாக்ஸிகள் எஃப்.சி. எடுக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும். லைட், பிரேக், டயர் பார்க்கும் அதே நேரத்தில் பின்னிருக்கை பக்கிள்கள் எல்லாம் மேலே இருக்கின்றனவா, பூட்டுகின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். சீட் கவர் தைப்பவர்களும் பக்கிளுக்கு வாய் விட்டுத் தைக்கலாம். மாமல்லபுரம் பார்க்க வரும் குடும்பம், மேல்மருவத்தூருக்குச் செல்லும் பக்தர்கள், கிளாம்பாக்கத்தில் இறங்கி வீடு போகும் மாணவர்கள் எல்லோருக்கும் இதனால் பலன். ஒரு கோடி ரூபாய் காரில் கிடைக்கும் பாதுகாப்பின் முக்கியமான பகுதி, ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய ஒரு டிசையரின் பின்னிருக்கையிலேயே இருக்கிறது.

ஆனால், காருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சாலைதான் பெல்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்துவதில் காட்டும் வேகம், அதைக் கடக்கும் இடங்களைப் பாதுகாப்பதில் இல்லை. சாலை அகலமானால் வண்டியின் வேகம் கூடும். கடக்க வேண்டிய தூரமும் கூடும். ஒவ்வொரு குப்பத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நேராக விளக்கு, மேடான நடைபாதைக் கடப்பு, அதற்கு முன்பே வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கும் அமைப்பு வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் அச்சிறுபாக்கம், தொழுப்பேடு பக்கம் லாரி, பேருந்து மோதல்கள் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. 2022 ஜூலையில் அங்கே அரசுப் பேருந்து ஒன்று லாரியில் மோதி 6 பேர் இறந்தார்கள். ஓரத்தில் லாரி நிறுத்தத் தனி இடமும், லாரியின் பின்னால் காரும் பைக்கும் உள்ளே புகாதபடி உறுதியான தடுப்புக் கம்பியும், இரவில் பளிச்சென்று தெரியும் ஒளிப்பட்டையும் அங்கே உடனடித் தேவை.

இவற்றில் எது எந்த இடத்தில் முதலில் வேண்டும் என்பதை ஊகத்தால் முடிவுசெய்யக் கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஏற்கெனவே இருக்கிறது. உயிரிழப்பு நேரும் ஒவ்வொரு விபத்துக்கும் அந்தக் குழு ஒரு பொறியாளர், ஒரு போக்குவரத்து ஆய்வாளர், ஒரு மருத்துவர் கொண்ட சிறு அணியை அந்த இடத்துக்கு அனுப்பட்டும். இறந்தவரின் பெயர், முகவரி இல்லாமல், காரணமும் பரிந்துரையும் மட்டும் அடங்கிய இரண்டு பக்க அறிக்கையை முப்பது நாளில் தமிழில் வெளியிடட்டும். ஐஐடியும் ஒரகடம் ஆய்வுக்கூடமும் பக்கத்திலேயே இருக்கும்போது ஆளுக்கோ அறிவுக்கோ பஞ்சமில்லை. இதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். முதல் அறிக்கை பண்டிதமேடு பற்றியதாக இருக்கட்டும்.